கேளாமலே கழியும் பணம்: சேவை ஒப்பந்தங்களின் தன்னியக்கப் புதுப்பித்தல்



வணிகக் கல்வியில் நீங்கள் ஒப்பந்தம், நுகர்வோர் உரிமை, வங்கிக் கணக்கிணக்கக் கூற்று ஆகியவற்றைத் தனித்தனிப் பாடங்களாகப் படிக்கின்றீர்கள். இம்மூன்றும் ஒரே இடத்தில் சந்திக்கும் ஒரு விடயத்தை இக்கட்டுரை விளக்குகின்றது. பரீட்சைக்கு மட்டுமன்றி உங்கள் வீட்டிற்கும் பயன்படும் விடயம் ஆதலால் பெற்றோருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் ஒரு சம்பவம். எமது வகுப்பு மாணவி ஒருவரின் அம்மம்மா மாதம் ஒரு முறை தமது கைத்தொலைபேசிக்கு 200 ரூபா றீலோட் செய்வார். வெளியூரில் உள்ள மகனுடன் பேசுவதற்கே அப்பணம். ஆனால் மாதம் முடியுமுன்னரே மீதி இல்லை என்று தொலைபேசி சொல்லும். வீட்டில் சந்தேகம் மாணவியின் தம்பி மீது விழுந்தது. "ஃபோனை எடுத்துக் கேம் விளையாடிக் காசை முடிக்கிறான்" என்று பல நாள் ஏச்சு வாங்கினான். ஒரு நாள் மாணவி அத்தொலைபேசியை வகுப்பிற்குக் கொண்டு வந்தார். வாடிக்கையாளர் சேவை இலக்கத்திற்கு அழைத்துக் கேட்டோம். அந்த இலக்கத்தில் றிங்கிங் ரோன் சேவை ஒன்று இயங்குவதாகவும், நாளொன்றுக்கு 3 ரூபா 50 சதம் கழிவதாகவும், நாள்தோறும் அது தானாகவே புதுப்பிக்கப்படுவதாகவும் கூறினார்கள். ஏழு மாதங்களுக்கு முன்னர் வந்த ஒரு பதிவு செய்யப்பட்ட அழைப்பில், பாட்டு நன்றாயிருக்கிறதே என்று அம்மம்மா ஓர் எண்ணை அழுத்தியிருக்கிறார். அவ்வளவுதான்.

கணக்குப் பாருங்கள். 30 நாட்களுக்கு 105 ரூபா. அதாவது 200 ரூபா றீலோட்டில் பாதிக்கு மேல். ஏழு மாதங்களில் 735 ரூபா. சேவை அன்றே நிறுத்தப்பட்டது. கழிந்த பணம் திரும்பவில்லை. ஆனால் தம்பி மீதிருந்த பழி நீங்கியது. 735 ரூபாவிலும் அதுவே பெரிது என்று அம்மம்மா சொன்னாராம்.

1. தன்னியக்கப் புதுப்பித்தல் என்றால் என்ன?

குறித்த காலத்திற்குச் செய்யப்பட்ட சேவை ஒப்பந்தம் அக்காலம் முடிந்ததும், நுகர்வோர் மீண்டும் கேட்காமலே அடுத்த காலத்திற்கு நீடிக்கப்பட்டு, அதற்கான கட்டணமும் அறவிடப்படுதல் தன்னியக்கப் புதுப்பித்தல் எனப்படும்.

காலம் ஒரு நாளாகவோ, ஒரு மாதமாகவோ, ஒரு வருடமாகவோ இருக்கலாம். பணம் அறவிடப்படும் வழிகள் மூன்று:

(அ) தொலைபேசி மீதியிலிருந்து கழித்தல். உதாரணம்: றிங்கிங் ரோன், இராசிபலன், கிரிக்கெட் செய்தி போன்ற குறுஞ்செய்திச் சேவைகள்.
(ஆ) கடனட்டை அல்லது பற்று அட்டையிலிருந்து கழித்தல். உதாரணம்: திரைப்படம், இசை, கணினி மென்பொருள் ஆகியவற்றின் சந்தாக்கள்.
(இ) வங்கிக்கு வழங்கிய நிலையியற் கட்டளை மூலம் செலுத்துதல். உதாரணம்: இயந்திரப் பராமரிப்பு ஒப்பந்தங்கள், சங்கச் சந்தாக்கள்.

நினைவிற் கொள்க: தன்னியக்கப் புதுப்பித்தல் தன்னளவில் தவறானதன்று. இணைய இணைப்பு மாத முடிவில் அறுந்துபோகாமல் தொடர்வது நுகர்வோருக்கு வசதியே. நிறுவனத்திற்கும் வருமானம் நிச்சயமாகின்றது. நுகர்வோர் அறியாமலோ விரும்பாமலோ அது நிகழும்போதே பிரச்சினை எழுகின்றது.

2. மௌனம் சம்மதமாகுமா?

"மௌனம் சம்மதத்திற்கு அறிகுறி" என்பது ஊர்ப் பேச்சு. ஒப்பந்தச் சட்டத்தில் பொது விதி இதற்கு நேர்மாறானது. ஒருவர் முன்வைக்கும் யோசனையை மற்றவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்தாலே உடன்பாடு பிறக்கும். பேசாமல் இருத்தல் ஏற்பு ஆகாது.

இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படும் வழக்கு, 1862 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட பெல்ட்ஹவுஸ் எதிர் பிண்ட்லி என்பதாகும். ஒருவர் தமது பெறாமகனின் குதிரையை 30 பவுண் 15 சிலிங்கிற்கு வாங்க விரும்பி, மறுமொழி வராவிட்டால் குதிரை தமக்கே உரியதெனக் கருதுவேன் என்று எழுதினார். பெறாமகன் மறுமொழி எழுதவில்லை. ஆயினும் அக்குதிரையை விற்க வேண்டாம் என்று ஏலம் கூறுபவரிடம் சொல்லி வைத்தான். ஏலம் கூறுபவர் மறந்து குதிரையை விற்றுவிட்டார். பெரியவர் வழக்குத் தொடுத்தார். ஏற்பு அவருக்குத் தெரிவிக்கப்படாததால் குதிரை அவருடையதாகவில்லை என நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அப்படியாயின் அம்மம்மா பேசாமல் இருந்த ஏழு மாதங்களும் எவ்வாறு கட்டணமாயின? இங்கேதான் மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். நிறுவனம் அவரது மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளவில்லை. முதல் நாள் அழுத்திய எண்ணையே, "நான் நிறுத்தும்வரை தொடர்க" என்ற சம்மதமாகக் கொண்டது. அதாவது புதுப்பித்தலுக்கான சம்மதம் புதுப்பிக்கும் நாளில் பெறப்படுவதில்லை. சேரும் நாளிலேயே பெறப்பட்டுவிடுகின்றது.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: சேரும் நாளில், தொடர்ந்து பணம் கழியும் என்பது அவருக்குத் தெளிவாகச் சொல்லப்பட்டதா? சொல்லப்பட்டிருந்தால் அது ஒப்பந்தம். சொல்லப்படாவிட்டால் அது முறைப்பாட்டிற்கு உரிய விடயம்.

3. விரும்பாத கட்டணம் ஏற்படும் காரணங்கள்

(i) இலவச பரீட்சார்த்த காலம். முதல் மாதம் இலவசம் என்று கூறி அட்டை இலக்கத்தைப் பெறுவர். மாதம் முடிந்ததும் கட்டணம் தொடங்கும்.
(ii) குறைந்த ஆரம்ப விலை. முதல் வருடம் ஒரு விலை, இரண்டாம் வருடம் முழு விலை. விலை மாற்றம் சிறிய எழுத்தில் இருக்கும்.
(iii) அறிவித்தற் காலம். நிறுத்துவதாயின் 30 நாட்களுக்கு முன்னர் எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனை. ஒரு நாள் பிந்தினாலும் முழு வருடத்திற்குப் புதுப்பிக்கப்பட்டுவிடும்.
(iv) சேர்வது இலகு, விலகுவது கடினம். ஓர் எண்ணை அழுத்திச் சேரலாம். விலகுவதற்குப் பல படிகளைக் கடக்க வேண்டும்.
(v) தொகை சிறிதாயிருத்தல். 3 ரூபா 50 சதத்திற்காக யாரும் சண்டைக்குப் போவதில்லை. ஆனால் அது வருடத்திற்கு 1,277 ரூபா 50 சதம் ஆகும்.

இங்கு பலர் விடும் தவறுகள் மூன்று உண்டு. கைத்தொலைபேசியிலிருந்து செயலியை அழித்தால் சந்தா நின்றுவிடும் என்று எண்ணுகின்றனர், நிற்காது. சந்தாவைத் தனியாக இரத்துச் செய்ய வேண்டும். வங்கி அட்டையை நிறுத்தினால் ஒப்பந்தம் முடிந்துவிடும் என்று எண்ணுகின்றனர். பணம் போகும் வழி அடைபடுமேயன்றி ஒப்பந்தம் முடிவதில்லை. சேவையைப் பயன்படுத்தாமல் விட்டாற் போதும் என்று எண்ணுகின்றனர். கட்டணம் பயன்பாட்டிற்கல்ல, காலத்திற்கே அறவிடப்படுகின்றது.

4. கணக்கேடுகளில் இது எவ்வாறு தோன்றும்?

வங்கிக் கணக்கிணக்கக் கூற்றில் நிலையியற் கட்டளை என்ற சொல்லை நீங்கள் அடிக்கடி காண்பீர்கள். பெரும்பாலான மாணவர்கள் அதனைக் காசேட்டிற் கழிக்க வேண்டும் என்று மட்டும் மனனம் செய்கின்றனர். ஏன் அது காசேட்டில் முன்னரே இல்லை என்று கேட்பதில்லை. காசோலை எழுதியவர் உரிமையாளர். ஆகவே அது காசேட்டில் உண்டு. நிலையியற் கட்டளைப்படி பணம் செலுத்தியது வங்கி. உரிமையாளர் வங்கிக் கூற்றைப் பார்க்கும்வரை அதனைப் பதிவதில்லை. அம்மம்மாவுக்கு நிகழ்ந்ததும் இதுவே. அவரிடம் வங்கிக் கூற்று இல்லை, அவ்வளவே வித்தியாசம்.

உதாரணம்: ஒரு புத்தகக் கடையின் காசேட்டில் 2025 மார்ச் 31 இல் வங்கி மீதி ரூபா 48,000 (வரவு மீதி). வங்கிக் கூற்றின்படி மீதி ரூபா 40,600. பரிசீலித்தபோது பின்வருவன தெரியவந்தன.

(அ) போட்டோப் பிரதி இயந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம் மார்ச் 1 இல் ஒரு வருடத்திற்குத் தானாகப் புதுப்பிக்கப்பட்டு, நிலையியற் கட்டளைப்படி வங்கி ரூபா 12,000 செலுத்தியுள்ளது.
(ஆ) வங்கிக் கட்டணம் ரூபா 400.
(இ) வழங்கிய காசோலை ஒன்று, ரூபா 5,000, வங்கிக்கு இன்னும் சமர்ப்பிக்கப்படவில்லை.

சீராக்கிய காசேடு:
காசேட்டு மீதி 48,000
கழிக்க: பராமரிப்புக் கட்டணம் 12,000
கழிக்க: வங்கிக் கட்டணம் 400
சீராக்கிய மீதி 35,600

வங்கிக் கணக்கிணக்கக் கூற்று:
சீராக்கிய காசேட்டு மீதி 35,600
கூட்டுக: சமர்ப்பிக்கப்படாத காசோலை 5,000
வங்கிக் கூற்றின்படி மீதி 40,600

கணக்கு இணங்கிவிட்டது. ஆனால் உரிமையாளரின் வேலை முடியவில்லை. அந்த 12,000 ரூபா யாது என்று அவர் கேட்க வேண்டும். ஒரே தொகை மூன்று விதமாக அமையலாம்.

முதலாவது: இயந்திரம் கடையில் இயங்குகின்றது, சேவையும் தேவை. கணக்காண்டு மார்ச் 31 இல் முடிவதாயின் ஒரு மாதத்திற்குரிய 1,000 ரூபா மட்டுமே இவ்வாண்டின் செலவு. மிகுதி 11,000 ரூபா முற்கொடுப்பனவு. நடைமுறைச் சொத்தாகக் காட்டப்படும்.

இரண்டாவது: இயந்திரம் ஜனவரியிலேயே விற்கப்பட்டுவிட்டது; பணத்தைத் திருப்பித் தர நிறுவனம் எழுத்தில் உடன்பட்டது. அப்போது 12,000 ரூபா வருமதி.

மூன்றாவது: இயந்திரம் விற்கப்பட்டுவிட்டது; அறிவித்தற் காலம் கடந்துவிட்டதால் நிறுவனம் பணத்தைத் திருப்ப மறுக்கின்றது. இனிப் பயன் எதுவும் கிடைக்காது. ஆகவே 12,000 ரூபாவும் இவ்வாண்டின் செலவே. முற்கொடுப்பனவாகக் காட்டினால் இல்லாத சொத்தை இருப்பதாகக் காட்டியதாகும்.

முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையில் இலாபத்தில் 11,000 ரூபா வேறுபாடு. இயந்திரத்தை விற்ற அன்று எழுதியிருக்க வேண்டிய ஒரு கடிதத்தின் விலை இது.

5. இலங்கையில் நுகர்வோருக்குரிய பாதுகாப்பு

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் இங்கு முக்கியமானது. இது 1979 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பதிலாகக் கொண்டுவரப்பட்டது. இச்சட்டம் தன்னியக்கப் புதுப்பித்தலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. எனினும் வியாபாரி ஒருவர் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் அல்லது ஏமாற்றும் விதத்தில் நடத்தலை 30 ஆம் பிரிவு தடை செய்கின்றது. கட்டணம் தொடரும் என்பதை மறைத்துச் சேர்த்துக்கொள்ளுதல் இதன்கீழ் முறைப்பாடு செய்யத்தக்கது.

முறைப்பாடு எழுத்தில், சேவை வழங்கப்பட்டு 3 மாதங்களுக்குள் செய்யப்பட வேண்டும் என 13 ஆம் பிரிவு கூறுகின்றது. இக்கால எல்லை பரீட்சைக்கும் வாழ்க்கைக்கும் முக்கியம். காலந்தாழ்த்தினால் உரிமை இருந்தும் பயனில்லாது போகும்.

எங்கு முறையிடுவது?

- பொதுவான பொருட்கள், சேவைகள்: நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை (தொலைபேசி 1977).
- தொலைபேசி, இணைய இணைப்புச் சேவைகள்: இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு (தொலைபேசி 1900). இது 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின் 1996 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் அமைக்கப்பட்டது.
- வங்கி, நிதிக் கம்பனி தொடர்பானவை: இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் (தொலைபேசி 1935).

எங்கு செல்வதாயினும் முதலில் சேவை வழங்கிய நிறுவனத்திடமே முறையிட்டு, முறைப்பாட்டு இலக்கத்தைப் பெற்று வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

இன்னொன்று: இலங்கையில் சட்டப்படி வயது வந்தவராகக் கருதப்படுவது 18 வயதிலாகும். உங்களிற் பலர் பயன்படுத்தும் சிம் அட்டை பெற்றோரின் பெயரிலேயே உள்ளது. நீங்கள் விளையாட்டாக அழுத்தும் எண்ணிற்கு அம்மாவின் பெயரில் கட்டணம் ஏறும்.

6. பிற நாடுகளின் நடவடிக்கைகள்

இப்பிரச்சினை எமக்கு மட்டும் உரியதன்று.

இந்தியா: அட்டைகளிலிருந்து திரும்பத்திரும்பக் கழிக்கப்படும் கொடுப்பனவுகள் பற்றிய இந்திய றிசேர்வ் வங்கியின் விதிகள் 2021 ஒக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. பணம் கழிவதற்குக் குறைந்தது 24 மணித்தியாலங்களுக்கு முன்னர் வாடிக்கையாளருக்கு அறிவித்தல் அனுப்ப வேண்டும்.

ஜேர்மனி: 2022 மார்ச் முதல் செய்யப்படும் நுகர்வோர் ஒப்பந்தங்கள் ஆரம்பக் காலம் முடிந்து தானாக நீடித்தால், நுகர்வோர் எப்போதும் ஒரு மாத அறிவித்தலுடன் விலகலாம். முன்னர் ஒரு வருடத்திற்கு மாட்டிக்கொள்ளும் நிலை இருந்தது. 2022 ஜூலை முதல், இணையத்தளத்தில் ஒப்பந்தம் செய்யும் வசதி இருந்தால் அங்கேயே இரத்துச் செய்யும் பொத்தானும் இருக்க வேண்டும்.

ஐக்கிய அமெரிக்கா: சேர்வது எவ்வளவு இலகுவோ விலகுவதும் அவ்வளவு இலகுவாயிருக்க வேண்டும் என்ற விதியை மத்திய வர்த்தக ஆணைக்குழு 2024 ஒக்டோபரில் வெளியிட்டது. விதி உருவாக்கப்பட்ட நடைமுறையில் குறை உண்டு எனக் கூறி 2025 ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. ஆயினும் 2010 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்கீழ் அமேசன் நிறுவனத்திற்கு எதிராக அதே ஆணைக்குழு தொடுத்த வழக்கு, 2025 செப்டெம்பரில் 250 கோடி டொலர் சமரசத்துடன் முடிந்தது. அதில் 150 கோடி வாடிக்கையாளருக்குத் திருப்பிச் செலுத்துவதற்குரியது. அந்நிறுவனத்தின் உள்ளே சந்தாவை இரத்துச் செய்யும் வழிமுறைக்கு "இலியட்" என்று பெயர் வழங்கியதாக ஆணைக்குழு கூறியிருந்தது. இலியட் என்பது துரோய் யுத்தத்தைப் பாடும் நீண்ட கிரேக்க காவியம். விலகும் வழியும் அத்தனை நீளம் போலும்.

மூன்று நாடுகளும் வேண்டுவன ஒன்றே: சேரும்போது தெளிவு, கழிக்குமுன் அறிவித்தல், விலகுவதற்கு இலகு வழி.

7. நீங்கள் செய்யவேண்டியவை

(i) சேருமுன் நான்கு கேள்விகள்: எவ்வளவு? எத்தனை நாளைக்கு ஒரு முறை? எப்போது விலை மாறும்? எவ்வாறு நிறுத்துவது? நான்காவதற்கு விடை கிடைக்காவிடின் சேர வேண்டாம்.
(ii) புதுப்பிக்கும் திகதியையன்றி, நிறுத்துவதற்கான இறுதித் திகதியை நாட்காட்டியிற் குறித்து வைக்க.
(iii) மாதம் ஒரு முறை தொலைபேசியின் செயற்படும் சேவைகளையும் வங்கிக் கூற்றையும் பார்க்க. வீட்டில் வயோதிபரின் தொலைபேசியை நீங்களே பார்த்துக் கொடுக்க.
(iv) நிறுத்துவதாயின் எழுத்தில் நிறுத்துக. வாய்மொழியாகச் சொன்னதற்குச் சான்று இல்லை. பிரதியை வைத்துக்கொள்க.

மாதிரிக் கடிதம்:

முகாமையாளர்,
(நிறுவனத்தின் பெயர், முகவரி)
திகதி: ..........

ஐயா / அம்மணி,

சேவை ஒப்பந்த இல. .......... ஐ முடிவுறுத்தல்

மேற்படி ஒப்பந்தம் .......... ஆந் திகதி முடிவடைகின்றது. அதன்பின் இச்சேவை எனக்குத் தேவையில்லை. ஆகவே ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம் எனவும், அத்திகதிக்குப் பின்னர் எனது கணக்கிலிருந்து கட்டணம் எதனையும் அறவிட வேண்டாம் எனவும் இத்தால் அறியத் தருகின்றேன். இக்கடிதம் கிடைத்ததை எழுத்து மூலம் உறுதிப்படுத்துமாறு கேட்டுக்கொள்கின்றேன்.

இங்ஙனம்,
..........

நிலையியற் கட்டளை வழங்கியிருப்பின் அதனை இரத்துச் செய்யுமாறு வங்கிக்கும் ஒரு கடிதம் வழங்குதல் வேண்டும். ஒன்றை எழுதி மற்றையதை மறப்பதே வழமையான தவறு.

8. பயிற்சி வினாக்கள்

1. தன்னியக்கப் புதுப்பித்தலால் நுகர்வோருக்கும் நிறுவனத்திற்கும் கிடைக்கும் நன்மை ஒவ்வொன்று தருக.
2. நிலையியற் கட்டளை வங்கிக் கூற்றில் இருந்தும் காசேட்டில் இல்லாதிருப்பது ஏன்?
3. வருடாந்த மென்பொருட் சந்தா ரூபா 18,000, 2025 ஜனவரி 1 இல் தானாகப் புதுப்பிக்கப்பட்டது. கணக்காண்டு 2025 மார்ச் 31 இல் முடிவடைகின்றது. செலவையும் முற்கொடுப்பனவையும் கணிக்க.
4. "மௌனம் ஏற்பு ஆகாது. ஆயினும் அம்மம்மாவின் பணம் கழிந்தது." இக்கூற்றை விளக்குக.

விடைக் குறிப்புகள்

1. நுகர்வோர்: சேவை தடையின்றித் தொடர்தல். நிறுவனம்: நிச்சயமான வருமானம்.
2. கொடுப்பனவைச் செய்தது வங்கி. உரிமையாளர் வங்கிக் கூற்று கிடைத்த பின்னரே அறிகின்றார்.
3. மாதம் 1,500 ரூபா. மூன்று மாதச் செலவு 4,500. முற்கொடுப்பனவு 13,500.
4. சம்மதம் சேரும் நாளிலேயே பெறப்படுகின்றது என்பதே விடையின் உயிர். அது தெளிவாகப் பெறப்பட்டதா என்ற கேள்வியையும், 3 மாத முறைப்பாட்டுக் காலத்தையும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்கும்.

இன்று வீட்டிற்குச் சென்றதும் செய்யவேண்டிய செயன்முறைப் பயிற்சி: உங்கள் வீட்டில் மூத்தவரின் தொலைபேசியை அவரது அனுமதியுடன் வாங்கி, என்னென்ன சேவைகள் இயங்குகின்றன என்று பாருங்கள். கண்டதைக் கொப்பியில் எழுதி அடுத்த வகுப்பிற்குக் கொண்டு வாருங்கள்.